வேப்பிலைப் பெட்டி என்னுடையது

மலாக்காவில் நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர்களுக்குப் பிறந்தேன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அப்படி நின்றவன் என்னென்ன கட்டினான் என்று கேளுங்கள். பாயா ரும்புட்டில் தண்ணீரும் கோரையுமாகக் கிடந்த நிலத்தைத் தூர்த்து பஸ் கொட்டகை போட்டேன். வங்கியில் என் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தக் கையெழுத்தை வைத்துத்தான் அத்தனை பஸ்ஸும் வாங்கினேன். தோட்டத்துப் பெண்களை விடியலில் ஏற்றிக்கொண்டு போய்த் தொழிற்பேட்டையில் இறக்கி, சாயங்காலம் அவரவர் லயத்து வீட்டு வாசலில் விட்டவை என் வண்டிகள். எவ்வளவு மழை பெய்தாலும் ஒழுகாத பட்டறை கட்டினேன். ஏர்கோன் போட்ட ஆபீஸ் கட்டினேன். எங்கள் பக்கத்து அம்மன் கோயில் திருவிழாவில் மூன்றாம் நாளைப் பஸ் தொழிலாளர் உபயம் என்று வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அதற்கு முன்னால் அந்தக் கோயிலில் டிரைவர், கண்டக்டர் என்றால் தண்ணீர்ப் பந்தலில் நிற்கலாம், வாழைமரம் கட்டலாம், அவ்வளவுதான். அபிஷேகத்துக்கு முன்வரிசையில் நிற்கவும், தேரின் முதல் வடத்தைப் பிடிக்கவும், மைக்கில் 'இன்றைய உபயம்' என்று தங்கள் தொழிலைச் சொல்லக் கேட்கவும் அவர்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் கிடைத்தது என்றால், நான் கமிட்டிக்காரர்கள் வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டதால் கிடைத்தது.

இவற்றோடு இன்னொன்றையும் கட்டினேன். சொன்னால் சிரிக்கிறார்கள். மலாக்கா வட்டாரத்துத் தமிழ் ஆபீஸ்களில் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். மேலே வேப்பிலைப் படம். கம்ப்யூட்டரை எப்படிப் பத்திரமாக வைத்துக்கொள்வது, வேலையை எப்படி விரசாக முடிப்பது என்று கீழே சட்டங்கள். அந்தச் சட்டங்கள் என்னுடையவை. அடியில் பட்டத்தோடு போட்டிருக்கிற பெயர் என்னுடையது அல்ல.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நடந்ததைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், கையால் எழுதிய பில்லை இனி வாங்க மாட்டோம் என்று தொழிற்சாலைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். மறுவாரமே கம்ப்யூட்டர் வாங்கினேன். கூடவே லேசர் பிரிண்டரும் வாங்கினேன். எங்கள் பக்கத்துத் தமிழ் ஆட்களில் லேசர் பிரிண்டர் முதலில் வாங்கியவன் நான். ஜாசினிலிருந்து தினமும் வந்துபோகும் ஒரு பெண்ணை, பில் அடிக்கவும் கணக்கெழுதவும் கிராணியாக வைத்தேன். ஐந்தாம் படிவம் முடித்தவள், வாய் கொஞ்சம் நீளம், வேலை சுத்தம்.

மெஷின் வந்த கொஞ்ச நாளில் சாமான் விற்கிற ஆள் ஒருவன் விலைப்பட்டியல் காட்டுகிறேன் என்று தன் டிஸ்கெட்டைச் சொருகினான். காட்டிவிட்டு, அதை உள்ளேயே மறந்துவிட்டுப் போனான். மறுநாள் காலையில் கிராணி சுவிட்சைப் போட்டாள். மெஷின் எழும்பவில்லை. டவுனிலிருந்து கடைக்காரச் சீனரைக் கூட்டி வந்தேன். அவர் பார்த்துவிட்டு, "போஸ், வைரஸ் லா! ஓராங் புஞா டிஸ்கெட் ஜாங்கான் மாசோக்!" என்றார். அடுத்தவன் டிஸ்கெட்டை உள்ளே விடாதே என்கிறார். அந்த டிஸ்கெட்டுக்குள் இருந்த வைரஸ் என் மெஷினுக்கு வந்துவிட்டது, இனி என் மெஷினில் போடுகிற ஒவ்வொரு டிஸ்கெட்டுக்கும் போகும், அது போகிற ஒவ்வொரு மெஷினுக்கும் தொற்றும் என்றார். நான் அவரை விடவில்லை. அவர் கடைக்கே போய் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுத்தான் வந்தேன்.

படித்தவர்களுக்கு இது புரிய எத்தனையோ நாளாகும். எனக்கு அங்கேயே புரிந்தது. லயத்தில் ஒரு வீட்டில் அம்மை போட்டால் என்ன செய்வோம்? வாசலில் வேப்பிலை செருகுவோம். அந்த வீட்டுக்காரர்கள் வெளியே போக மாட்டார்கள், நாம் உள்ளே போக மாட்டோம். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அந்த வீட்டுப் பாத்திரம் அடுத்த வீட்டுக்கு வராது. அந்த வீட்டை யாரும் கேவலமாக நினைப்பதில்லை. பயமும் மரியாதையுமாக ஒதுங்கி நிற்போம். அவ்வளவுதானே இந்த வைரஸ்?

ஆபீசுக்கு வந்து, ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்து, மூடியில் வேப்பங்கொத்து ஒன்றைக் கட்டினேன். வெளியிலிருந்து எந்த டிஸ்கெட் வந்தாலும் முதலில் அந்தப் பெட்டிக்குள்தான் போகவேண்டும் என்றேன். கடைக்காரர் கொடுத்த வைரஸ் பார்க்கும் புரோகிராமை ஓட்டிப் பார்த்து, சுத்தமாக இருந்தால்தான் மெஷினில் வேலைக்குப் போகலாம். அந்தப் புரோகிராம் இருக்கிற டிஸ்கெட்டின் மூலையிலுள்ள சின்னக் கட்டையைத் தள்ளி, ஓட்டை தெரியும்படி எப்போதும் பூட்டியே வைக்கவேண்டும். வைத்தியன் படுத்துவிட்டால் யார் மருந்து கொடுப்பது? இந்த ஆபீசில் சுத்தம் பார்த்தாயா என்று யாரும் கேட்பதில்லை. 'தலைக்கு ஊத்தியாச்சா?' என்றுதான் கேட்போம். அந்தப் பேச்சு என் ஆபீசில் பிறந்தது. இன்றைக்கு ஊரே பேசுகிறது.

மற்றச் சட்டங்களும் இப்படித்தான், என் தொழிலிலிருந்து நானாக எடுத்தவை. டிரைவர் காலையில் சாவி போடும் முன் வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பான். அதுபோல சுவிட்சைப் போடும் முன் மெஷின் வாயில் டிஸ்கெட் ஏதும் கிடக்கிறதா என்று பார். வண்டிச் சாவியை வண்டியிலேயே தொங்கவிட்டுச் சாப்பிடப் போகிற டிரைவர் எனக்கு வேண்டாம், பாஸ்வேர்டைத் தாளில் எழுதித் திரையில் ஒட்டுகிற கிராணியும் வேண்டாம். என்னிடம் வேலை பார்த்த மேனேஜர் ஒருவர் தன் குலசாமி பெயரைப் பாஸ்வேர்டாக வைத்தார். கழுத்தில் அந்தச் சாமி டாலரைப் போட்டுக்கொண்டுதான் வருவார். கூலிக்காரன்கூடச் சொல்லிவிடுவான் அந்தப் பாஸ்வேர்டை. மாற்றச் சொன்னேன். மாற்றுச் சாவியை அதே வண்டிக்குள் வைத்தால் அது மாற்றுச் சாவியா? ஆகவே சாயங்காலம் அன்றைய வேலையை டிஸ்கெட்டில் நகல் எடுத்து, அதை ஆபீசில் வைக்காமல் என் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அரிசி டின்னுக்குப் பக்கத்தில் அதற்கும் ஒரு டின். பிற்பகலில் இடி இடிக்காத நாள் மலாக்காவில் கிடையாது. வானம் கறுத்ததும் வேலையைச் சேமித்துவிட்டு பிளக்கைப் பிடுங்கு. கடிதம் ஒன்று, கடிதம் இரண்டு என்று பெயர் வைத்து நாளெல்லாம் தேடாதே. எந்தத் தொழிற்சாலை, எந்த மாதம் என்று பெயரிலேயே வை. நான் திடீரென்று போய்க் கேட்டால் கிராணி பில்லை எடுத்துத் தருவாள். அடுத்த ஆபீசில் டீ போட்டுக் குடித்துவிட்டுத்தான் தேடவே தொடங்குவார்கள்.

எல்லாம் நல்லபடிதான் போனது. திருவிழா வந்தது.

எங்கள் அம்மன் கோயிலின் செயலாளர் பட்டதாரி. அரசாங்க ஆபீசில் வேலை. அந்த வருஷத் திருவிழா நோட்டீசைத் தானே கம்ப்யூட்டரில் அடித்து ஒரு டிஸ்கெட்டில் வைத்திருந்தார். முந்தின வருஷம் என் ஆபீசில்தான் அடித்து, என் லேசர் பிரிண்டரில்தான் எடுத்து, அந்தத் தாளைத்தான் பிரஸ்ஸுக்குக் கொடுத்தார்கள். இந்த வருஷமும் பிரிண்ட் எடுக்க வந்தார். கூடப் பொருளாளர். டிஸ்கெட்டைக் கையில் கொண்டு வரவில்லை. வெற்றிலை வைத்த தாம்பாளத்தில் வைத்துக் கொண்டு வந்தார்.

அந்த டிஸ்கெட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் தமிழ் எழுத்து மெஷினிலேயே வராது. யாரிடமாவது டிஸ்கெட்டில் வாங்கித்தான் போட்டுக்கொள்ளவேண்டும். செயலாளருடைய டிஸ்கெட்டில் தமிழ் எழுத்தும் இருந்தது. கல்யாணப் பத்திரிகை அடிக்க ஒருவர், சங்கக் கூட்டத்துக்கு ஒருவர், கண்ணீர் அஞ்சலிக்கு ஒருவர் என்று அதை இரவல் வாங்காத தமிழ் ஆபீஸ் கிடையாது. விபூதித் தட்டுபோல ஊரெல்லாம் சுற்றிய டிஸ்கெட். எத்தனை கை பட்டது என்று அம்மனுக்குத்தான் தெரியும்.

"அண்ணே, அவசரம். பிரஸ்காரன் காத்துக்கிட்டிருக்கான். ரெண்டே ரெண்டு தாள் அடிச்சுக் குடுக்கச் சொல்லுங்க" என்றார் செயலாளர்.

கிராணி பெட்டியை முன்னால் தள்ளினாள். "இதுல போடுங்க சார். தலைக்கு ஊத்திட்டு அடிச்சுத் தர்றேன்."

"என்னாது?"

"பாத்துட்டுத் தர்றேன்னு சொல்றேன் சார்."

பார்த்தாள். மெஷின் கீச்சென்று கத்தியது. திரையில் சிவப்புக் கட்டம் வந்தது.

"அம்மை போட்டிருக்கு மொதலாளி" என்றாள்.

பொருளாளர் சிரித்தார். "டிஸ்கெட்டுக்கா? அப்ப கூழ் ஊத்திருவமா?"

செயலாளர் சிரிக்கவில்லை. "அது இங்கிலீஷ்காரன் புரோகிராம்மா. அதுக்குத் தமிழ் தெரியாது. தமிழ் எழுத்தைக் கண்டா வைரஸ்னுதான் சொல்லும்."

"நம்ம டிஸ்கெட்லயும் தமிழ்தானே சார் இருக்கு? அதுக்கு ஒண்ணும் சொல்லலியே."

"அந்தப் பேச்செல்லாம் வேணாம். போட்டு அடி."

"தொடச்சிட்டு அடிக்கிறேன் சார், கொஞ்ச நேரம்தான்."

"தொடைக்கவே கூடாது! போன மாசம் கடைக்காரன் தொடைக்கிறேன்னு சொல்லி என் எழுத்தையெல்லாம் அழிச்சிட்டான். திரும்ப வாங்க நான் எங்கெல்லாம் அலைஞ்சேன் தெரியுமா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். டிஸ்கெட்டைத் தூக்கிக் காட்டினார். அதன் தகட்டில் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தன. "முதல் நோட்டீச அம்மன் காலடியில வைக்கிறது வழக்கம். நோட்டீஸ் இதுக்குள்ள இருக்குன்னு இதையே வச்சு எடுத்துட்டு வந்திருக்கேன். சாமி காலடியில இருந்து வந்ததுல எப்படிண்ணே நோய் இருக்கும்?"

"அம்மை போட்டா அதையும் அம்மன்னுதான் தம்பி சொல்றோம். அதுக்காக அந்த வீட்ல போய்ப் படுத்துக்குவியா?" என்றேன்.

"சாமி காரியத்தை வேணாங்கிறீங்க."

"வேணாங்கல. ஒண்ணு, தொடைக்க விடு. இல்லாட்டிக் கையால எழுதிக் குடு, கிராணி அரை நாள்ல அடிச்சிரும்."

"கையால எழுதவா? நான் பட்டதாரிண்ணே. பஸ் கொட்டகையில உக்காந்து பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுதிக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?"

தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் பேச்சு: அம்மனை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டான் பஸ்காரன். சாமி காரியத்தை மறுப்பது எங்கள் ஆட்களிடம் எவ்வளவு பெரிய குற்றம் என்று தெரிந்துதான் அப்படிப் பேசினார்கள். கமிட்டி கூடியது. என்னைக் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் உபயத்தைப் பஸ் தொழிலாளர்களிடமிருந்து எடுத்து, ஓர் இரும்புக்கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். சாமி காரியத்துக்கு ஒத்துழைக்காதவர்களுக்கு உபயம் கிடையாதாம்.

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த நாள் என் டிரைவர்களுடையது. செர்காம் பாதையில் ஓட்டிக்கொண்டிருந்த மூத்த டிரைவர், அந்த உபயத்துக்கென்றே வருஷா வருஷம் விரதம் இருப்பவர், கொட்டகையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மொதலாளி, உங்களுக்கு ஒரு பெட்டிதான். எங்களுக்கு வருசத்துல ஒரே நாள் லா."

"பிரேக் இல்லாத வண்டிய, சாமி கும்பிடப் போற ஜனம் ஏறிடுச்சுன்னு எடுப்பியாண்ணே நீ?"

"எடுக்க மாட்டேன்."

"அப்புறம்?"

"அந்த ஜனத்துக்கு வேற வண்டி அனுப்பச் சொல்லுவேன். நீங்க என்ன அனுப்புனீங்க?"

நான் சொன்ன வழி இரண்டையும் அந்த மனிதர்தான் வேண்டாம் என்றார் என்று கத்தினேன். கத்தி என்ன? அவர் முதுகைக் காட்டிக்கொண்டு டயருக்குக் காற்றடிக்கப் போய்விட்டார். கமிட்டித் தலைவர் வீட்டுக்குப் போனேன். "செயலாளர் படிச்சவரு, அவருக்குத் தெரியாதா?" என்றார் தலைவர். படித்தவர். அந்த ஒரு வார்த்தையை வைத்து என் வாயை எத்தனை பேர் அடைத்திருக்கிறார்கள்!

டிஸ்கெட் என்னிடமிருந்து நேராகப் பிரஸ்ஸுக்குப் போனது. பிரஸ்காரருடைய மெஷினில் போட்டார்கள். பிழை பார்க்க ஒரு தாள் மட்டும் அன்று அடித்தது. மறுநாள் எழும்பவில்லை. அதற்குள் எழுத்துப் பிழை திருத்துகிறேன் என்று இரும்புக்கடைக்காரர் மெஷினில் போட்டிருந்தார்கள், அதுவும் படுத்தது. அவர் வாங்கிய உபயத்துக்கு அம்மன் கையோடு கொடுத்த பிரசாதம் என்று கிராணி சொன்னாள். கடைசியில் கோயில் ஆபீஸ் மெஷின். அதோடு டிஸ்கெட்டும் திறக்கவில்லை. நோட்டீசும் போயிற்று, ஊரெல்லாம் சுற்றிய தமிழ் எழுத்தும் போயிற்று. கொடியேற்றம் நெருங்கிவிட்டது. தோட்டம் தோட்டமாகக் கொடுக்கவேண்டிய நோட்டீஸ் ஒன்றுகூடக் கையில் இல்லை.

வந்தார்கள். இந்தத் தடவை தாம்பாளம் இல்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் என் ஆபீஸ் நாற்காலிகளில் நுனியில் உட்கார்ந்தார்கள். போன வருஷத்து நோட்டீசும் தமிழ் எழுத்தும் உங்களிடம் இருக்கும் என்றார்களே என்று தலைவர் மெதுவாகக் கேட்டார். இருக்காமல் எங்கே போகும்? என் வீட்டில், அரிசி டின்னுக்குப் பக்கத்தில், பூட்டிய டிஸ்கெட்டில் இருந்தது. என் சட்டம் அது.

கொண்டு வந்தேன். போட்டார்கள். போன வருஷ நோட்டீஸ் பளிச்சென்று வந்தது. செயலாளர் பையிலிருந்து இந்த வருஷ விவரத்தை எடுத்தார். கையால் எழுதியிருந்தார். பஸ் கொட்டகையில் உட்கார்ந்து எழுத மாட்டேன் என்றவர் வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். கிராணி அதைப் பார்த்து ஒவ்வொரு வரியாக மாற்றிக்கொண்டே வந்தாள். முதல் நாள். இரண்டாம் நாள். மூன்றாம் நாளில் கை நின்றது.

"மொதலாளி, மூணாம் நாள் இரும்புக்கடைன்னு எழுதியிருக்கு."

தலைவர் தரையைப் பார்த்தார். செயலாளர்தான், "கமிட்டி முடிவு அது. அடுத்த வருசம் பார்ப்போம்" என்றார்.

கிராணி அவரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள். "போன வருச நோட்டீஸ்தானே? இந்த வரிய மாத்தாம அப்படியே விட்டுடவா? பஸ் தொழிலாளர் உபயம்னு அதுவே கிடக்கு. நான் கை வைக்கலன்னா போதும்."

என் மெஷின். என் பிரிண்டர். என் தாள். என் ஆட்களுடைய நாள். அவள் விரலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நான் தலையசைத்தால் போதும். வெளியே கொட்டகையில் மூத்த டிரைவர் வண்டி கழுவுகிற சத்தம் கேட்டது.

"அவங்க எழுதிக் குடுத்த மாதிரியே அடி" என்றேன்.

"மொதலாளி!"

"அடிம்மா. அடுத்தவன் எழுதிக் குடுத்தத நம்ம மெஷின்ல நமக்கு வேண்டிய மாதிரி மாத்தினா, நாளைக்கு நம்ம பில்ல எவன் நம்புவான்? வைரஸுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?"

அடித்தாள். சாவிக்கட்டைகளை அவள் அன்று குத்தின குத்து இன்னும் காதில் இருக்கிறது. பிரிண்டர் தாளைத் தள்ளியது. என் டிரைவர்களின் நாள் இன்னொருவருடையதாகி, இன்னும் சூடாக என் கைக்கு வந்தது. அதைச் செயலாளரிடம் கொடுத்தேன். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கிறதே என்றார்.

மூன்றாம் நாள் திருவிழாவுக்கு, எல்லா வருஷமும்போல என் பஸ்கள்தான் தோட்டத்து ஜனங்களைக் கொண்டுவந்து இறக்கின. அபிஷேகத்தின்போது இரும்புக்கடைக்காரரின் வீட்டார் முன்வரிசையில் நின்றார்கள். என் டிரைவர்கள் புதுவேட்டி கட்டிக்கொண்டு, விருந்தாளிகளைப்போலப் பின்னால் நின்றார்கள். மூத்த டிரைவர் வடத்தைத் தொடவில்லை. தொட அவருக்கு அன்று உரிமை இல்லை என்று அவரே ஒதுங்கிக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் நான். அந்தக் கோபம் இன்றுவரை ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

இதோடு விட்டார்களா? சில மாதங்கள் கழித்து, கோயில் மண்டபத்தில் தமிழ் வியாபாரிகளுக்கு ஒரு வகுப்பு என்று அழைப்பு வந்தது. 'ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பாதுகாப்பது எப்படி?' நடத்துகிறவர் யார்? செயலாளர்! மூன்று மெஷினைப் படுக்கவைத்தவர்! போகக் கூடாது என்று நினைத்தேன். கிராணிதான் வாங்க மொதலாளி, போய்ப் பார்ப்போம் என்றாள். வாசலில் ஒரு தாள் கொடுத்தார்கள். தலைப்பில் வேப்பிலைப் படம்.

உட்கார்ந்து, எழுத்துக் கூட்டிப் படித்தேன். வெளி டிஸ்கெட்டுகளை முதலில் வேப்பிலைப் பெட்டியில் இடுக. தலைக்கு ஊற்றிய பின்னரே பயன்படுத்துக. சாவியை வண்டியில் தொங்கவிடாதது போல், கடவுச்சொல்லைத் திரையில் ஒட்டாதீர். மாற்றுச் சாவி அதே வண்டியில் இருக்கலாகாது, நகலை வேறு வீட்டில் வைக்க. வானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்குக. இந்த மனிதரின் வீட்டில் சைக்கிள்கூடக் கிடையாது, அவருக்கு ஏது வண்டி, ஏது மாற்றுச் சாவி? அரிசி டின்னைக்கூட விடவில்லை! அடியில்: தொகுத்து வழங்குபவர், செயலாளர் பெயர், பெயருக்குப் பின்னால் பட்டம்.

எழுந்து நின்றேன். "தம்பி, இந்த வேப்பிலைப் பெட்டி எந்தக் காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்க?"

மண்டபம் திரும்பிப் பார்த்தது.

"அண்ணே, உக்காருங்க. நல்ல விசயம் எல்லாருக்கும் பொதுதானே."

"பொதுன்னா உன் பேர ஏன் போட்டே?"

"யாராவது ஒருத்தர் பேரு வேணும்லண்ணே. பஸ்காரர் சொன்னதுன்னு போட்டா எந்த ஆபீஸ்ல ஒட்டுவான்? நீங்களே சொல்லுங்க."

சிலர் சிரித்தார்கள். என் தோட்டத்திலிருந்து வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள், அதுதான் எரிந்தது. என் சொல்லைத் திருடினது போதாதென்று, அது என் வாயிலிருந்து வந்ததாகத் தெரிந்தால் அசிங்கம் என்று என் முகத்துக்கு நேரே சொல்கிறார். நான் மேடையை நோக்கி நடந்தேன். என்ன செய்யப் போனேன் என்று எனக்கே தெரியாது. தலைவர் ஓடி வந்து என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"அண்ணே, சபையில வேணாம். ஒண்ணு சொல்றேன் கேளுங்க. மூணாம் நாள் உபயத்தத் திருப்பிக் குடுத்துர்றோம். இனிமே பஸ் தொழிலாளர்தான், நான் இருக்கிறவரைக்கும் யாரும் மாத்த முடியாது. இந்தத் தாள் விசயத்த மட்டும் விட்டுருங்க. அவரு படிச்ச மனுசன், அவமானப்படுத்தாதீங்க."

இரண்டும் எனக்கு உரியவை. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கிக்கொள் என்கிறார், அதுவும் எனக்குச் சலுகை செய்வதுபோல! துப்பியிருப்பேன். ஆனால் புதுவேட்டியோடு பின்னால் நின்ற அந்த மூத்த டிரைவர் கண்ணுக்குள் வந்தார். ஒரு வண்டியை நிறுத்தினால் வேறு வண்டி அனுப்பவேண்டும் என்று சொன்ன மனிதர். சரி என்றேன். வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன்.

வழியில் கிராணி கேட்டாள், "விட்டுட்டீங்களா மொதலாளி?"

"விடல. வச்சிருக்கேன்."

"எப்பவாச்சும் எழுதினீங்கன்னா என்னையும் சேர்த்து எழுதுங்க. சட்டம் உங்களுது, ஒத்துக்கிறேன். கீச்சு கீச்சுன்னு அது கத்தினப்பல்லாம் உக்காந்து தலைக்கு ஊத்தின கை யாரோடது? நீங்க அந்த மெஷின்ல ஒரு எழுத்து அடிச்சதுண்டா?"

வாய் நீளம் என்று சொன்னேனே.

அடுத்த வருஷம் மைக்கில் பஸ் தொழிலாளர் உபயம் என்று சொன்னார்கள். மூத்த டிரைவர் முதல் வடத்தைப் பிடித்தார். என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். எனக்கு அது போதும். அவர் அதற்குப் பிறகு நெடுநாள் பிடித்தார், இப்போது அவர் வீட்டார் பிடிக்கிறார்கள். அந்தக் கமிட்டி கலைந்து போயிற்று. வாக்குக் கொடுத்த தலைவரும் காலமாகிவிட்டார். ஆனால் இத்தனை வருஷத்தில் அது கோயில் வழக்கமாகவே ஆகிவிட்டது, இனி அந்த நாளை என் ஆட்களிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது. ஆகவே இனி நான் வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டிய அவசியமும் இல்லை.

போன மாதம் டவுனில் ஒரு கணக்காளர் ஆபீசுக்குப் போனேன். சுவரில் அதே தாள். நகலுக்கு நகல் எடுத்து வேப்பிலை கறுப்புத் திட்டாகியிருந்தது. 'டிஸ்கெட்' என்பதைப் பேனாவால் அடித்து, மேலே 'பென் டிரைவ்' என்று எழுதியிருந்தார்கள். மற்றதெல்லாம் அப்படியே செல்லுபடியாகிறது. ஆகத்தானே செய்யும்? சரியாகக் கட்டியது எது ஒழுகியிருக்கிறது? கவுண்டரில் இருந்த பெண்ணிடம் இது யார் எழுதியது என்று கேட்டேன். "முன்னாடி இருந்த கோயில் செயலாளர் தாத்தா, பெரிய படிப்பாளியாம்" என்றாள்.

இப்போது கேட்கிறேன். அந்தத் தாளை வைத்திருக்கிற ஒவ்வோர் ஆபீஸ்காரரையும், அதை இன்னும் நகல் எடுத்துக் கொடுக்கிற சங்கத்தையும், இன்றைய கோயில் கமிட்டியையும் கேட்கிறேன். அடியில் இருக்கிற அந்தப் பெயரையும் பட்டத்தையும் அடியுங்கள். டிஸ்கெட்டை அடித்த அதே பேனா போதும். அந்த இடத்தில் இப்படி எழுதுங்கள்: 'இந்தச் சட்டங்களை உண்டாக்கியவர் பாயா ரும்புட் பஸ் முதலாளி, மூன்றாம் வகுப்பு. நடத்திக் காட்டியவர் அவருடைய கிராணி.' மூன்றாம் வகுப்பு என்பதை விட்டுவிடாதீர்கள். அதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.